விக்டர் ஹியூகோ: அகதி வாழ்வின் 19 ஆண்டுகள்

பிரெஞ்சு மொழி எழுத்தாளர்களுள் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் விக்டர் ஹியூகோ (1802–1885). பிரான்ஸில் வாழும் எம்மவர்கள் அவர் பெயர் கொண்ட வீதிகளை அன்றாடம் கடந்து செல்கிறார்கள். அவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அரசியல் அகதியாக வாழ்ந்தவர் என்பதை எம்மில் பலர் அறியார்.

1851 டிசம்பர் 2ஆம் திகதி, ஜனாதிபதியாக இருந்த லூயி நெப்போலியன் நாடாளுமன்றத்தைக் கலைத்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். மக்கள் பிரதிநிதியாக இருந்த ஹியூகோ எதிர்ப்பைத் திரட்ட முயன்றார், அது பலிக்கவில்லை. சில நாட்கள் மறைந்திருந்துவிட்டு, ஒரு தொழிலாளியின் பெயரிலிருந்த கடவுச்சீட்டுடன் பிரஸ்ஸல்ஸுக்கு இரயில் ஏறினார்.

அடுத்த ஆண்டு, பிரித்தானிய முடியின் கீழிருந்த ஜேர்சித் தீவுக்குச் சென்றார். அங்கு அகதிகள் நடத்திய பத்திரிகை ஒன்று விக்டோரியா மகாராணியைத் தாக்கி எழுதியதால் அதன் பொறுப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர். அதைக் கண்டித்துக் குரல் கொடுத்த ஹியூகோவும் 1855இல் வெளியேற வேண்டியதாயிற்று. பக்கத்திலுள்ள கேர்ன்சித் தீவில் குடியேறி, மறு ஆண்டே கவிதை நூல் ஒன்றின் வருமானத்தில் வீடு வாங்கினார். சொத்துள்ளவரை எளிதில் துரத்த முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது.

1845இல் தொடங்கி இடையில் நின்றுபோன அவரது பெருநாவல் அகதி வாழ்வின்போதுதான் நிறைவு பெற்று 1862இல் வெளியானது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தது அதைத்தான். 1950இல் அது தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது.

1859இல் பிரெஞ்சு அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. அகதிகள் பலர் ஊர் திரும்பினர். நாட்டுக்குச் சுதந்திரம் திரும்பும்போதே தானும் திரும்புவேன் என்று கூறி ஹியூகோ மறுத்துவிட்டார். வரலாறு போற்றும் முடிவு அது. ஆனால் அதன் விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை.

இளைய மகன் பிரான்சுவா-விக்டர் தீவு வாழ்க்கையில் ஆங்கிலம் கற்று, ஷேக்ஸ்பியரின் படைப்புகள் முழுவதையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். புகலிடத்து மொழியை அவர் தனது முதலாக்கிக்கொண்டார். மகள் அடேலுக்கு அப்படி அமையவில்லை. நாட்டை விட்டு வந்தபோது அவருக்கு வயது 21. பியானோவும் நாட்குறிப்புமாகத் தீவில் நாட்கள் கழிந்தன. 1863இல், தன்னை விரும்பாத ஓர் ஆங்கிலேய இராணுவ அதிகாரியைத் தேடி யாரிடமும் சொல்லாமல் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் போனார்; பின்னர் பார்படோசுக்கும் போனார். 1872இல் மனநிலை குலைந்தவராக அழைத்து வரப்பட்டு, 1915இல் இறக்கும்வரை மனநல விடுதியிலேயே வாழ்ந்தார்.

1868இல் பிரஸ்ஸல்ஸில் இறந்த மனைவியின் உடல் சொந்த நாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. ஹியூகோ எல்லைவரை மட்டுமே கூடச் சென்றார்.

1870 செப்டம்பரில் பேரரசு வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்ட மறுநாள் அவர் பாரிஸ் திரும்பினார். 1885இல் அவரது இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் கூடினர்.

அவரது உறுதியை எம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அடேலின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் அது கணக்காகாது.