ஒரு மூலை கசிந்தால் நாலு மூலையும் உட்காரும்

செஞ்சியில் லாட்ஜ் வாசலில் ராத்திரி நிறுத்திய வண்டி, காலையில் பார்த்தால் படுத்த மாடு மாதிரி தரையோடு உட்கார்ந்திருந்தது. நாலு டயரிலும் காற்று சரியாக இருந்தது. இறங்கியது டயர் இல்லை, உடம்பு.

இருபது வருஷத்துக்கு மேல் ஆன, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நாலு மூலையிலும் ரப்பர் பலூன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் காத்திருந்தால் முனகிக்கொண்டே எழுந்து நிற்கும். முந்தின வருஷம்தான் கம்ப்ரசர் புதுசு போட்டேன், அதுவும் இப்போது சூடேறி முனக ஆரம்பித்துவிட்டது. "நாலு பலூன், கம்ப்ரசர், எல்லாத்தையும் மாத்தணும். இல்லன்னா காயில் ஸ்பிரிங் போட்டுரலாம் சார்" என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம். வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

நான் செஞ்சிக்குப் போனது கோட்டையின் தண்ணீர் வழிகளைப் பார்க்க. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், காற்றின்மேல் வண்டியை உட்கார வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

நம்ம ஊரில் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே சஸ்பென்ஷன்தான். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து வைத்தார்கள், இடுப்பு பிழைத்தது. ஆனால் இரும்பு வில்லுக்கு ஒரு குணம் உண்டு: பாரம் ஏறினால் தாழும். பாரத்துக்கு ஏற்ற மாதிரி விறைப்பாகச் செய்தால் காலி வண்டியில் தூக்கிப் போடும். காற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் காற்றை அடைத்தால் போதும், வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிடும்.

காற்று முதலில் டயருக்குள் புகுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காப்புரிமை வாங்கினார், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1888-ல் டன்லப் மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் அது உலகம் சுற்றியது. டயருக்கு மேலே, அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று பரவலாக வந்தது 1950-களில், அமெரிக்க பஸ்களில். 1954-ல் ஓட ஆரம்பித்த கிரேஹவுண்டின் சீனிக்ரூசர் பஸ் அதில் பிரபலம். காலியாகவும் ஓடும், நிரம்பியும் ஓடும் வண்டிக்குத்தான் இது மிகவும் தேவை.

1955-ல் சிட்ரோயன் டிஎஸ் கார் வேறு வழி பிடித்தது. ஸ்பிரிங்காக ஒரு குண்டுக்குள் அடைத்த வாயு, உயரத்தைச் சரிசெய்ய எண்ணெய். 1957-ல் கேடிலாக் எல்டொராடோ பிரௌஹாம் சுத்தமான காற்று சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவு பொறுக்காமல் பல சொந்தக்காரர்கள் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டார்கள். எனக்குச் சொன்ன யோசனைக்கு அறுபது வருஷத்துக்கு மேல் வயசு! 1992-ல் ரேஞ்ச் ரோவரில் உயரத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் காற்று சஸ்பென்ஷன் வந்தது. ஏறி இறங்கத் தாழும், மேடுபள்ளத்தில் உயரும்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பெரம்பூர் ஐசிஎஃப் தயாரித்த மின்சார ரயில்களிலும், 2018-ல் அங்கிருந்து வெளிவந்த வந்தே பாரத்திலும் பெட்டியைத் தாங்குவது காற்று ஸ்பிரிங். பீக் அவரில் ஆள் மேல் ஆள் ஏறினாலும் பெட்டி அதிகம் தாழக் கூடாது. காற்று ஸ்பிரிங் உள்ள எல்ஹெச்பி பெட்டிகளில் ஃபிபா என்று ஒரு சாதனம் உண்டு. ஸ்பிரிங்கில் காற்று இறங்கினால் அது பிரேக் பைப்பின் காற்றைச் சத்தத்தோடு வெளியேற்றி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். கோளாறை மறைக்காது, ஊரைக் கூட்டிவிடும்.

என் வண்டி இதற்கு நேர் எதிர். லாட்ஜ் திண்ணையில் வயரிங் படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பூட்டி நிறுத்திய பிறகும் கம்ப்யூட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ, அந்த உயரத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிச் சமன் செய்கிறது. ஒரு மூலை கசிந்தால் காலையில் நாலுமே உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் நாலு பலூனும் போச்சு என்றுதான் சொல்வார். சாஃப்ட்வேரில் நாங்கள் இதே தப்பைத் தினமும் செய்கிறோம். விழுந்த புரோகிராமைத் தானாக எழுப்பி விடுகிறோம், ஏன் விழுந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அன்று ராத்திரி, அதை விழிக்க வைக்கும் ரிலேவைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் மூன்று மூலை நின்றது, பின்பக்க இடது மட்டும் தரையில்.

திண்டிவனம் ரோட்டில் லாரிக்கு டயர் போடும் கடைக்கு ஓட்டிப் போனேன். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "ஸ்டாண்டு போடாம அடியில போகாதீங்க சார். காத்த நம்பி யாரும் உள்ள போகக் கூடாது." ஸ்டாண்டு வைத்து, உடம்பை முழு உயரத்துக்குத் தூக்கி, பலூனின் மடிப்பில் சோப்புத் தண்ணி அடித்தார். மடிந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, விரிந்ததும் நுரைத்தது. "இதாங்க. கம்ப்ரசர் பாவம், ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கு."

முதல் கம்ப்ரசர் ஏன் செத்தது என்பதற்கும் அதுதான் பதில். பின்பக்கத்துக்கு மட்டும் ஜோடியாக இரண்டு பலூன் வாங்கிப் போட்டேன். முனகல் நின்றது. வண்டியை விற்கும் பேச்சும் நின்றது.

அன்று மத்தியானம்தான் கல்யாண மஹாலுக்குப் போனேன். அடுக்கடுக்காக உயரும் அந்தக் கோபுரத்தின் மேல்தளங்களுக்கு, கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் ஏறியது என்று சொல்வார்கள். மோட்டார் கிடையாது, உயரத்தின் அழுத்தம் மட்டும்தான். அப்படிப்பட்ட குழாயில் வழியில் எங்கே பெரிதாகக் கசிந்தாலும், முதலில் வறண்டு போவது உச்சித் தளம். கீழே இருப்பவனுக்குத் தெரியும் முன்னால் மேலே இருக்கும் ராஜா வீட்டுக்குத் தெரிந்துவிடும். கசிவை மறைக்க அங்கே யாரும் கம்ப்யூட்டர் வைக்கவில்லை.