செஞ்சிக் கோட்டையைக் காத்தது நெல்லும் தண்ணியும்

செஞ்சின்னு சொன்னதும் எல்லாருக்கும் தேசிங்கு ராஜாவும் அவரு குதிரையும்தான் ஞாபகம் வரும். ஆனா ஒரு விவசாயி அந்த மலையைப் பார்த்தா முதல்ல கண்ணுல படறது நெற்களஞ்சியமும் குளமும்தாங்க.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் சேர்த்து வளைச்ச மதில் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். உச்சிக்குப் போற வழியில ஆழமான பிளவு ஒண்ணு இருக்கு. அதுமேல போட்ட மரப்பாலத்தை எடுத்துட்டா ஒருத்தனும் ஏற முடியாது.

1200 வாக்குல இங்க முதல்ல கோட்டை கட்டினது ஆனந்தக் கோன்னு சொல்றாங்க. இடையர் குலத் தலைவர். ஆடு மாடு மேய்ச்சவங்களுக்குத்தானே எந்தப் பாறை இடுக்குல கோடையிலயும் தண்ணி நிக்கும்னு தெரியும்! பின்னால வந்த நாயக்கர்கள் மதிலைப் பெருசாக்கி, குளமும் களஞ்சியமும் கட்டினாங்க. கல்யாண மகாலோட மேல்மாடி வரைக்கும் சுடுமண் குழாயில தண்ணி ஏத்தியிருக்காங்க.

இதோட அருமை 1690-ல தெரிஞ்சது. மராத்திய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். 1692 கடைசியில வெளியில இருந்து வந்த மராத்தியப் படை, முகலாயப் பாளையத்துக்குத் தானியம் வர்ற வழியை அடைச்சிடுச்சு. வளைச்சவங்களே பட்டினியில வாடி, வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. கோட்டை விழுந்தது 1698-லதான். பீரங்கி இருந்தும் சோறு இல்லேன்னா சண்டை இல்ல.

1714-ல தேசிங்கு விழுந்தார். 1750-ல பிரெஞ்சுக்காரங்க, 1761-ல ஆங்கிலேயர்னு கை மாறிக்கிட்டே போச்சு. யார் ஆண்டாலும் அந்தக் களஞ்சியத்தை நிரப்பினது சுத்துப்பட்டு உழவனோட நெல்லுதான். அவன் பேரு எந்தக் கூத்துலயும் வராது.

2025-ல யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. சந்தோஷம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க, உச்சியில நின்னு போட்டோ எடுத்ததோட இறங்கிடாதீங்க. அடிவாரத்துல அந்தக் களஞ்சியத்துக்குள்ளயும் ஒரு நிமிஷம் நின்னு, இதை நிரப்பினது யாருன்னு சொல்லிக் குடுங்க. அது இன்னிக்குக் காலியாத்தான் கிடக்கு. ஆனா செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுப்புக்கு அறுப்பு நெல் மூட்டை வந்துக்கிட்டுதான் இருக்கு.