பட்டனை அமுக்கினால்...

பாத்ரூமில் வழுக்கி விழுகிறார் ஒரு பாட்டி. வயது எண்பத்திரண்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை. போன் இருப்பது ஹாலில். நடுவே பத்தே அடிதான். ஆனால், இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவருக்கு அந்தப் பத்தடி, பத்து மைல்!

1970-களின் தொடக்கத்தில், இந்தப் பத்தடியோடு மல்லுக்கட்டியவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹோர்மன். இன்னொருவர், அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுமையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த மனோதத்துவப் பேராசிரியர் ஆண்ட்ரூ டிப்னர். 1974-ல் 'லைஃப்லைன்' என்ற கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான்.

விஷயம் ரொம்ப எளிமை. கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு பட்டன். அமுக்கினால், ரேடியோ அலை மூலம் போனோடு இணைத்த ஒரு பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி தானாகவே டயல் செய்யும். ஆரம்ப காலப் பெட்டியில் ஒரு கடிகாரமும் இருந்தது. நீண்ட நேரம் போனை யாருமே தொடவில்லையென்றால், பட்டனை அமுக்காமலேயே பெட்டி கூப்பிட்டுவிடும். சரிதானே... மயங்கிக் கிடப்பவர் எங்கே பட்டனை அமுக்குவது!

போனை எடுத்தது யார் தெரியுமா? பெரும்பாலும் உள்ளூர் ஆஸ்பத்திரி. அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கோ சொந்தக்காரருக்கோ தகவல் பறக்கும். அதாவது, ஒரு முனையில் பாட்டி. மறுமுனையில் பாட்டியின் ஊர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையெல்லாம், அந்த மறுமுனை எங்கெங்கே நழுவிப் போனது என்பதுதான்.

1980-களின் கடைசியில் அமெரிக்க டி.வி-யில் ஒரு விளம்பரம் வந்தது. 'லைஃப்கால்' என்ற கம்பெனியுடையது. மிஸஸ் ஃப்ளெட்சர் என்ற பாட்டி தரையில் கிடந்தபடி, 'விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியலை' என்று அலறுவார். பார்த்தவர்கள் பதறியிருக்க வேண்டும். நாடே சிரித்தது! நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டல், டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பனை... கம்பெனிக்கு ஓசி விளம்பரம். ஆனால், ஊரே சிரித்த அந்தப் பாட்டி மாதிரி ஆகிவிட எந்தப் பாட்டிக்கு மனசு வரும்? பட்டனைக் கழுத்தில் மாட்டுவதென்றால், 'நான் கிழவி' என்று போர்டு மாட்டிக்கொள்வது போலத்தானே!

இந்தத் தயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயதைத் தாண்டிய 110 பேரை ஓராண்டு கூர்ந்து கவனித்த ஆய்வு, 2008-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. அந்த ஓராண்டில் விழுந்தவர்கள் 66 பேர். அதில் 53 பேர் ஒரு தடவையாவது தானாக எழுந்திருக்க முடியாமல் தவித்தார்கள். 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தார்கள். பலர் வீட்டில் பட்டன் இருந்தது. ஆனால், நீண்ட நேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில் அதை யாரும் அமுக்கவில்லை! 'இதெல்லாம் எனக்கு எதுக்கு' என்ற நினைப்பு, யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழவேண்டும் என்ற வைராக்கியம், நடைமுறைச் சிக்கல்கள்... நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'உங்களுக்கெல்லாம் எதுக்குப்பா சிரமம்' கேட்கிறதா?

அவர்கள் தயங்கினார்கள். விற்பவர்கள் தயங்கவில்லை. இந்த வியாபாரத்தில் பெரிய காசு மாதக் கட்டணத்தில்தான் இருக்கிறது. ஆகவே, 'கருவி இலவசம்' என்பது தூண்டில் புழு!

ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லண்டோவிலிருந்து பெரியவர்களுக்கு போன்கள் வந்தன. பேசியது பதிவு செய்த குரல். 'உங்களுக்காக உங்கள் நண்பரோ உறவினரோ ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்' என்ற ரீதியில் பேச்சு. அப்படி யாரும் கட்டியிருக்கவில்லை. இதய நோய், நீரிழிவு நோய் அமைப்புகளெல்லாம் சிபாரிசு செய்ததாகவும் ஒரு புளுகு. மாதம் 34.95 டாலர் கட்டணம், அதுவும் கருவி வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் என்றார்கள். நடந்ததோ, கிரெடிட் கார்டு நம்பரைச் சொன்ன கையோடு பணம் காலி! அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் ஃப்ளோரிடா அரசும் 2014 ஜனவரியில் வழக்குப் போட்டு இதை நிறுத்தின. 2015-ல் இதே பாணியில் நியூயார்க் கம்பெனி ஒன்றின் மீதும் வழக்கு. கவனியுங்கள்... விழுந்துவிடுவோமோ என்ற பயத்தையே இங்கே விலை பேசியிருக்கிறார்கள்.

சரி, நல்ல கம்பெனி, நியாயமான கட்டணம், பாட்டியும் சமர்த்தாகப் பட்டனை மாட்டிக்கொண்டார். பிரச்னை தீர்ந்ததா? இல்லை. மறுமுனைக்குப் போகும் பாதையே காலடியில் நழுவியது!

2022-ல் அமெரிக்க போன் கம்பெனிகள் 3ஜி சேவையை வரிசையாக மூடின. 3ஜி-யை மட்டுமே நம்பியிருந்த பட்டன்களை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் கழுத்தில் தொங்குவது வெறும் பிளாஸ்டிக். பிரிட்டனில் இன்னொரு விதமான சிக்கல். பழைய செம்புக் கம்பி போனுக்கு கரன்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். வீட்டில் கரன்ட் போனாலும் அது பேசும். புது டிஜிட்டல் போன் அப்படியல்ல, வீட்டு கரன்ட் போனால் அதுவும் அவுட்! அங்கே சுமார் 18 லட்சம் பேர் இந்த மாதிரி அபாய அழைப்புக் கருவிகளை நம்பியிருக்கிறார்கள். டிஜிட்டலுக்கு மாற்றிய வீடுகள் சிலவற்றில் அழைப்பு போய்ச் சேராமல் விபரீதங்கள் நடந்தன. 2023 டிசம்பரில் அரசாங்கம் தலையிட்டது. இத்தகைய வீடுகளில் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கட்டாயமாக மாற்றமாட்டோம் என்று போன் கம்பெனிகளிடம் எழுதி வாங்கியது. 2025 கடைசிக்குள் முடிப்பதாக இருந்த அந்த மாற்றம், 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

பட்டன் நம் ஊருக்கும் வந்துவிட்டது. வாட்ச்சாக, டாலராக. மகன் கலிஃபோர்னியாவில், அம்மா மயிலாப்பூரில் என்கிற குடும்பங்களைக் குறிவைத்து. வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால், கருவியின் அழகைப் பார்க்காமல் கேள்வி கேளுங்கள். அமுக்கினால் எடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? அம்மா பேசுகிற தமிழ் அவருக்குப் புரியுமா? கரன்ட் போனால் என்ன ஆகும்? வேண்டாமென்றால் எப்படி ரத்து செய்வது, கட்டிய பணம் திரும்ப வருமா? இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கழுத்துக் கயிறு இழுத்தால் அறுந்துகொள்ளும் ரகமா என்று பாருங்கள். கயிறு எதிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கி உயிர் போன சம்பவங்கள் உண்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையே பட்டனை அமுக்கச் சொல்லிப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எத்தனை நிமிடம் என்று கணக்கெடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். உதவிக்கு ஆள் வந்தும், கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால்? வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு பூட்டு போடுங்கள். மாற்றுச் சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனியும் அனுப்ப முடியாத வேகத்தில் ஓடி வரப்போவது அவர்தான்!