ஆவி சென்று சேரும் இடம்

தமிழில் ‘ஆவி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. உயிரும் ஆவி, மூச்சும் ஆவி, கொதிக்கும் பானையினின்று எழும் நீர்ப்புகையும் ஆவி. திருச்சபையில் தூய ஆவியாரை நாம் அழைப்பதும் இச்சொல்லால்தான். மூக்கடைத்து, நெற்றி கனத்து, மூச்சுக்குத் தவிக்கும் வேளையில் ‘ஆவி பிடி, சரியாகிவிடும்’ என்று நம் அன்னையர் கூறும்போது அச்சொல்லின் எல்லாப் பொருள்களும் ஓரிடத்தில் வந்து கூடுவதாகத் தோன்றும். மண்பானையிலிருந்து மின்கருவிவரை நீண்டுள்ள அந்த ஆவியின் வரலாற்றை இங்கே சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் தாமல் என்னும் ஊரை அடையலாம். வராகீசுவரர் கோயிலும் பரந்த ஏரியும் அவ்வூரின் அடையாளங்கள். காஞ்சிப் பட்டை நெய்யும் கைகள் நகரில் மட்டுமன்றி இத்தகைய சுற்றூர்களிலும் உள்ளன. தறிக்குழியில் காலை இறக்கி நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருப்போருக்கு மழைக்காலம் வந்தால் நீர்க்கோவையும் தலைபாரமும் புதியன அல்ல.

பெருந்தொற்று ஓய்ந்த பின்னர் ஒரு நாள், அவ்வூரில் தறி நெய்யும் ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். பல மாதங்களாக மூக்கடைப்பு. கன்னத்திலும் நெற்றியிலும் வலி. நம் இல்லத்தில் ஒரு நெபுலைசர் கருவி இருந்தது. தொற்றுக் காலத்தில் வாங்கியது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்ததுபோல் அவருக்கும் கொடுத்தோம். என்ன மருந்தை ஊற்றுவார் என்று நாம் கேட்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்து, “சாமி, கை நடுங்குது. பட்டு இழையைப் பிடிக்க முடியல, அறுந்து அறுந்து போவுது” என்றார். வீட்டில் ஆஸ்துமாவால் துன்புற்ற மாமனாருக்கு வாங்கி மீந்திருந்த மருந்தையே அவர் நாள்தோறும் மூன்று முறை இழுத்திருக்கிறார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கடிந்துகொள்ளாமல் விளக்கினார்: “சால்பியூட்டமால் நுரையீரலின் குழாய்களை விரிக்கும் மருந்து, உங்களுக்கு அங்கே அடைப்பு இல்லை. அடைப்பு இருப்பது முகத்து எலும்பறைகளில். மருந்து வேறிடம் போய்ச் சேர்ந்தது. கை நடுக்கம் அதன் பக்கவிளைவு.”

‘மருந்து வேறிடம் போய்ச் சேர்ந்தது’ என்னும் சொல் அதன்பின் நம்மை விடவில்லை. ஏனெனில், ஆவி மருத்துவத்தின் வரலாறு முழுவதுமே, மருந்தைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறு எனலாம்.

பானையும் புகையும்

ஏறத்தாழ கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்தியரின் ஏபெர்ஸ் பாப்பிரசு ஏட்டிலேயே, சூடேறிய கல்லின்மேல் மூலிகையை இட்டு எழும் புகையை நாணல் குழலால் உறிஞ்சும் முறை கூறப்பட்டுள்ளது. நம் சித்த மருத்துவர் புறமருத்துவத்தை முப்பத்திரண்டாக வகுத்தனர். வேது, புகை, நசியம் ஆகியன அவற்றுள் அடங்கும். மூக்கையும் அதனைச் சார்ந்த அறைகளையும் பற்றும் நோயைப் ‘பீனிசம்’ என்றனர். நொச்சி இலையிட்ட வெந்நீர்ப் பானையும் அதன்மேல் கவிந்த போர்வையும் அறியாத தமிழ் இல்லம் அரிது.

இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ் 1778-இல் வெளியிட்ட தம் நூலில், ஈயக்கலவையால் ஆன மூடியுள்ள குவளையில் வெந்நீரிட்டுக் குழல்வழி ஆவியை உள்ளிழுக்கும் கருவியை விளக்கி, அதற்கு ‘இன்ஹேலர்’ என்று பெயரிட்டார். இன்று நாம் வழங்கும் அச்சொல் அவர் தந்தது. போர்வைக்குள் பரவி வீணாகும் ஆவியைக் குழலுக்குள் அடக்கியதே அவர் செய்த மாற்றம்.

சென்னையின் பங்கு

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக விளங்கியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1790-களில் பட்டுப்புழு வளர்ப்பை இம்மாகாணத்தில் வேரூன்றச் செய்ய முசுக்கொட்டைச் செடிகளைப் பரப்பியவரும் இவரே. ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்நாட்டு வழக்கத்தைத் தம் நோயாளிகளுக்கும் அவர் பரிந்துரைத்தார். அதை ஜெனரல் ஜென்ட் என்னும் படையதிகாரி 1802-இல் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியைப் புகைக்கும் வழக்கம் பரவி, ‘ஆஸ்துமா சிகரெட்’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

ஊமத்தை கொடிய நஞ்சு. அதை எவரும் புகைத்துப் பார்க்க எண்ண வேண்டாம். ஆயினும் அந்நஞ்சினுள் உள்ள அட்ரோப்பின் என்னும் பொருளைத் திருத்தியமைத்ததனால் பிறந்ததே இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்து. 1970-களில் வழக்குக்கு வந்த அம்மருந்து இன்று நெபுலைசர் கிண்ணத்தில் ஊற்றப்படுகிறது. மூக்கில் ஓயாது நீர் ஒழுகுவோருக்கு ஸ்பிரேயாகவும் தரப்படுகிறது.

ஆண்டர்சனுக்குச் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சிலை இருக்கிறது. அவருக்கு முன்பே ஊமத்தைப் புகையின் பயனை அறிந்திருந்த நாட்டு வைத்தியர்களுக்குச் சிலை இல்லை, பெயரும் இல்லை. பட்டுப் புடவையின் பெயரை உலகம் அறிந்து, அதை நெய்தவரை அறியாதிருப்பதும் இவ்வாறுதானே!

நீரைத் துகளாக்கிய கலை

கொதிக்கும் நீரின் ஆவியோடு எல்லா மருந்தும் எழுந்து வருவதில்லை. உப்பை வெந்நீரில் கரைத்து ஆவி பிடித்தால் உப்பு பானையிலேயே தங்கிவிடும். மூக்கை அடைவது வெறும் நீராவியே. இக்குறையை நீக்க, மருந்து நீரையே மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு மருத்துவர் சால்-ஜிரோன் 1858-இல் பாரிசில் கையால் இயக்கும் பம்பு பொருந்திய கருவியை அறிமுகம் செய்தார். கனிமநீர் ஊற்றுகளை நாடிச் சென்றே நோயாளிகள் பெற்ற சிகிச்சையை அது வீட்டுக்குக் கொண்டு வந்தது. 1860-களில் செருமானியரான சீகிள் நீராவியின் விசையால் மருந்தைத் தெளிக்கும் கருவியை அமைத்தார்.

இன்றைய நெபுலைசரின் அடிப்படையும் அதுவே. கம்ப்ரசர் தரும் காற்று ஒரு சிறு துளைவழி விரைந்து பாய்கிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைய, கிண்ணத்திலுள்ள மருந்து மேலேறிச் சிதறுகிறது. பழைய கொசுமருந்துப் பம்பைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

எங்கே சேர்கிறது?

துளியின் பருமனே அது சேருமிடத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். ஐந்து மைக்ரானுக்குக் குறைந்த துளிகள் காற்றோடு நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலேயே படியும். வழக்கமான நெபுலைசர் நுரையீரலை நோக்கி வகுக்கப்பட்டது. சைனஸ் அறைகளோ சில மில்லிமீட்டர் வாயிலே உடையவை. நாம் மூச்சிழுக்கும் காற்று அவற்றுள் பாய்வதில்லை. வீக்கத்தால் அவ்வாயிலும் அடைபட்டபின், எத்துணைப் புகை எழுந்தாலும் அது வாசலைக் கடந்து போய்விடும். காற்றைத் துடிக்கச் செய்து மருந்தைச் சைனசுக்குள் தள்ளும் தனிக் கருவிகளும் உண்டு. எனினும் அவை இன்னும் முதல்நிலைச் சிகிச்சையாகவில்லை.

பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சிக்கு, 2020-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நூல் முதலில் கூறுவது இரண்டு: உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. இரண்டும் எளியன; இரண்டுக்கும் பொறுமை வேண்டும். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருத்தல் கட்டாயம். தூய்மையற்ற நீர் மூக்கில் ஏறினால் அமீபா மூளையைத் தாக்கக்கூடும். 2024-இல் கேரளத்தில் அந்நோயால் உயிர்கள் பலியானதை நாம் மறக்கலாகாது.

ஆவி பிடிப்பது சற்று இதம் தரலாம். ஆனால் சளிநோயை அது குணமாக்குகிறது என்று ஆய்வுகளால் உறுதிசெய்ய இயலவில்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளோ பலர். 2021 மே மாதம், பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க வேண்டாம், தொற்று பரவும் என்று தமிழக நலவாழ்வுத் துறை அமைச்சரே எச்சரிக்க நேர்ந்தது. அதே எச்சரிக்கை, ஒரே முகமூடியைப் பல வீடுகளுக்குச் சுற்றில் விட்ட நமக்கும் பொருந்தும்.

அந்த அம்மையாருக்கு மருத்துவர் எழுதித் தந்தது உப்புநீரும் ஒரு சிறு ஸ்பிரேயும் மட்டுமே. “இவ்வளவுதானா, சாமி?” என்று வெளியே வந்து கேட்டார். கருவியின் இரைச்சலும் வெண்புகையும் தந்த நம்பிக்கையை அச்சிறு புட்டி அவருக்குத் தரவில்லை. உண்மையில் நமக்கும் தரவில்லை. நடுக்கம் அந்த மருந்தை நிறுத்தியவுடன் நின்றது. தலைபாரம் தணிய இரண்டு மாதங்கள் ஆயின. மறுமுறை தாமலுக்குச் சென்றபோது அவர் தறியில் இருந்தார். இழை அறுகிறதா என்று கேட்டோம். நிமிராமலே சிரித்தார்.

துன்புறுவோருக்கு எதையேனும் உடனே கொடுத்துவிட வேண்டும் என்னும் தவிப்பு நம்மில் பலருக்கு உண்டு. அது நல்ல தவிப்பே. ஆயினும் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று திரும்பிச் சென்று பார்க்காதவரை அந்த அன்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. நம் இல்லத்து நெபுலைசர் இன்றும் அலமாரியில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டைப் பார்த்து, மருந்தின் பெயரைக் கேட்டு, கிண்ணத்தையும் முகமூடியையும் அவரவரே வாங்கச் சொல்லி, அதன் பின்னரே இப்போது கொடுக்கிறோம். ஒரு வாரம் கழித்து அவ்வீட்டுக்குச் சென்று விசாரித்தும் வருகிறோம்.