அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அணு உலை உரிம முறையும்

இந்தியாவிலுள்ள அணு மின்நிலையங்கள், எரிபொருள் ஆலைகள், மருத்துவத்திலும் தொழிலிலும் பயன்படும் கதிர்வீச்சுச் சாதனங்கள் ஆகியவற்றின் பாதுகாப்பை ஆராய்ந்து உரிமம் வழங்குவதற்கும், வழங்கிய உரிமத்தின் நிபந்தனைகள் வழுவாது காக்கப்படுகின்றனவா என்று மேற்பார்வை செய்வதற்கும், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தந்த அதிகாரத்தைக் கொண்டு, 1983 நவம்பர் 15 அன்று ஜனாதிபதியின் ஆணையால் நிறுவப்பெற்ற ஸ்தாபனம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமாகும். மும்பையை நோக்கி வாஷியில் மின்சார ரயிலேறித் தானே கழிமுகப் பாலத்தைக் கடந்தால் முதலில் வரும் நிலையம் மான்குர்த். அதற்கு அண்மையிலுள்ள அணுசக்தி நகரில், நியாமக் பவன் என்னும் கட்டடத்தில் அதன் தலைமையகம் இயங்குகின்றது. உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமும் அதே அணுசக்தி நகரிலேயே இருக்கின்றது. உலைகளின் விஞ்ஞானத்தை வளர்த்த பாபா அணு ஆராய்ச்சி மையம் அருகே டிராம்பேயில் இருக்கின்றது. வாஷியிலோ, கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியத்தின் வளாகத்தில், மிளகாய், மஞ்சள் முதலிய சரக்குகளைக் கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிரில் காட்டிக் கிருமி நீக்கும் நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. அதுவும் ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்துக்கு உட்பட்டதே. இவ்வாறு, கட்டுவோர், ஆராய்வோர், நடத்துவோர், கண்காணிப்போர் ஆகிய நால்வகையினரும் ஒரு கழிமுகத்தின் இரு கரைகளில் அண்டை வீட்டாராக வாழ்வதும், அவர்கள் அனைவரும் நெடுங்காலம் அணுசக்தித் துறை என்னும் ஒரே துறையின் நிழலில் இருந்து வந்ததும், இந்திய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே விளக்குவனவாகும்.

1969 அக்டோபரில் தாராப்பூர் நிலையம் வர்த்தக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய காலத்தில், பாதுகாப்பை ஆராய்வதற்கென்று தனி ஸ்தாபனம் எதுவும் இருக்கவில்லை. அணுசக்தித் துறை தனக்குள்ளேயே குழுக்களை அமைத்துக்கொண்டது. 1975இல் அத்துறைக்குள் பாதுகாப்புப் பரிசீலனைக் குழு ஒன்று நிலையாக ஏற்பட்டது. 1979 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் நிகழ்ந்த விபத்து உலகெங்கும் இத்தகைய ஏற்பாடுகளை மறுபடியும் யோசிக்கச் செய்தது. அதன்பின் சில ஆண்டுகளில் உருவான இந்த வாரியத்துக்கு முதல் தலைவராக வந்தவர், பம்பாய் ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த ஏ. கே. டே. பிற்காலத்தில் ஏ. கோபாலகிருஷ்ணன், பி. ராமராவ், சுகாஸ் சுகாத்மே போன்ற அறிஞர்கள் அப்பதவியை வகித்தனர். ஆயினும், 27ஆம் பிரிவு என்பது மத்திய அரசாங்கம் தன் அதிகாரத்தைத் தனக்குக் கீழ்ப்பட்ட ஓர் அதிகாரியிடமோ அமைப்பிடமோ ஒப்படைக்க இடந்தந்த பிரிவாதலின், வாரியம் பிறக்கும்போதே கீழ்ப்பட்டதாகப் பிறந்தது என்பதை மறக்கலாகாது. அது அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். அத்துறையின் கீழேயே அணுமின் கழகமும் இருந்தது.

உரிமம் வழங்கும் முறை ஒரே நாளில் ஒரே கையொப்பத்தில் முடியும் காரியம் அன்று. இடத்தேர்வு, கட்டுமானம், தொடக்க இயக்கம், நிலையான இயக்கம், ஆயுள் முடிந்தபின் உலையைக் கலைத்துத் தூய்மைப்படுத்துதல் என்னும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் பெறவேண்டும். கட்டுமானத்துக்குள்ளேயே நிலம் தோண்டுவதற்கும், முதற் கான்கிரீட்டு ஊற்றுவதற்கும், பெருங் கருவிகளை நிறுவுவதற்கும் வெவ்வேறு அனுமதிகள் உண்டு. தொடக்க இயக்கத்திலும், எரிபொருளை ஏற்றுவதற்கு ஒன்று, தொடர்வினையை முதன்முதலாகத் தொடங்குவதற்கு ஒன்று, பின்னர் மின் உற்பத்தியைப் படிப்படியாக உயர்த்துவதற்கு ஒன்று என்று அனுமதிகள் தொடர்கின்றன. நிலையத்தார் தரும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை முதலில் நிபுணர் குழுவும், அதன்பின் ஆலோசனைக் குழுவும், இறுதியில் வாரியமும் ஆக மூன்று படிகளில் பரிசீலிக்கின்றன. இயங்கும் நிலையத்துக்கான உரிமம் ஐந்தாண்டு வரையே செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நிலையத்தின் பாதுகாப்பு முழுவதையும், கட்டிய காலத்து அளவுகோலைக் கொண்டன்றி இன்றைய அளவுகோலைக் கொண்டு, மீண்டும் ஆராயவேண்டும் என்பதும் விதி. காகிதத்தில் இது எந்த நாட்டின் முறைக்கும் இளைத்ததன்று.

காகிதத்துக்கும் களத்துக்கும் உள்ள தூரத்தை நாடு அறிந்துகொண்டது 1993 மார்ச் 31 அன்று. உத்தரப் பிரதேசத்து நரோரா நிலையத்தின் முதல் உலையில், டர்பைனின் தகடுகள் இரண்டு முறிந்து பறந்தன. அதனால் எழுந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ எண்ணெயைப் பற்றி, மின் கேபிள்களைப் பற்றி, மாற்று வழியென்று அமைத்திருந்த கேபிள்களையும் சேர்த்து எரித்தது. ஒரு வழி பழுதானால் மற்றொரு வழி காக்கும் என்பது அணு உலைப் பாதுகாப்பின் ஆதாரத் தத்துவம். அங்கோ எல்லா வழிகளும் ஒன்றையொன்று ஒட்டிச் சென்றிருந்தமையால் ஒருங்கே அழிந்தன. ஏறக்குறைய 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றி இருண்டு கிடந்தது. அவ்விருளிலும் புகையிலும் ஊழியர்கள் மேலேறிச் சென்று போரான் கரைசலைக் கைகளாலேயே திறந்துவிட்டு உலை மறுபடி உயிர்பெறாதவாறு செய்ததையும், தீயணைக்கும் டீசல் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்கு நீர் செலுத்தி வெப்பத்தைத் தணித்ததையும் நன்றியோடு நினைக்க வேண்டும். கதிரியக்கம் வெளியே பரவாமல் காத்தது அவர்களுடைய தைரியமே. ஆனால், கேபிள்களைப் பிரித்து அமைக்கவேண்டும் என்னும் பாடம் 1975இல் அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெரி நிலையத்துத் தீயிலேயே உலகுக்குக் கிடைத்துவிட்டது. அது நரோராவின் சுவர்களுக்குள் 18 ஆண்டுகளாகியும் வந்து சேரவில்லை. உரிமம் வழங்குபவர் அறிந்துள்ள அபாயம் ஒன்று, உரிமம் பெற்றவரின் கட்டடத்தில் நீக்கப்பட்டதா என்று நேரில் சென்று பார்க்காதவரை, அந்த அறிவால் பயனில்லை.

அடுத்த ஆண்டு, 1994 மே 13 அன்று, கர்நாடகத்துக் கைகாவில் கட்டுமானத்திலிருந்த உலையின் உட்கவசக் கூரையிலிருந்து கான்கிரீட்டுப் பகுதி பெயர்ந்து விழுந்தது. எரிபொருள் ஏற்றப்படுவதற்கு முன் நேர்ந்தமையால் கதிரியக்க ஆபத்து இல்லை. ஆயினும் விபத்துக் காலத்தில் கதிரியக்கத்தை அடக்கிவைக்க வேண்டிய கவசமே அது. கைகாவிலும், அதே வடிவமைப்பில் ராஜஸ்தானில் எழுந்துகொண்டிருந்த உலைகளிலும், கூரைகளைப் புதிதாக வடிவமைத்துக் கட்ட நேர்ந்தது. அக்காலத்தில் தலைவராக இருந்த கோபாலகிருஷ்ணன், துறையின் நிலையங்களில் தீர்க்கப்படாது கிடந்த 130க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து 1995இல் ஓர் அறிக்கை தயாரித்தார். அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. 1996இல் பதவிக்காலம் முடிந்த பின், வாரியம் தான் கண்காணிக்க வேண்டிய துறைக்கே கட்டுப்பட்டிருக்கின்றது என்பதை அவர் பகிரங்கமாக எழுதியும் பேசியும் வந்தார். 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து நீக்கப்பட்டு, அம்மையத்தின் உட்குழுவிடமே விடப்பட்டன. 2003 ஜனவரியில் கல்பாக்கத்து எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஊழியர் அறுவர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானபோது, அம்மையத்தைச் சேர்ந்த அந்த ஆலை வாரியத்தின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

ஒழுங்குமுறை செவ்வனே நடந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றையும் பதிவு செய்வது நியாயம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கத்தில் பம்பு வீட்டுக்குள் கடல்நீரைக் கொண்டுவந்து நிறைத்தபோது, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை ஒழுங்காக நிறுத்தப்பட்டது. வாரியத்தின் பரிசீலனைக்குப் பிறகே மீண்டும் இயக்கப்பட்டது. கூடங்குளத்தின் வரலாறு வேறு வகையானது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையடுத்து, 1989இல் இடத்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. முதல் உலையோ 2013 ஜூலை 13 அன்றுதான் உயிர்பெற்றது. இடையிலே கழிந்த கால் நூற்றாண்டில் கடற்கரைக் கிராமங்களின் ஜனத்தொகை வளர்ந்தது; 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்தது; இடிந்தகரை மக்களின் போராட்டம் எழுந்தது. நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் ஜனத்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் வைத்திருப்பதும் வாரியத்தின் விதிகள். அந்த எல்லைக்குள் குடியிருந்தவர்கள், தங்களைக் காக்கவே எழுதப்பட்ட விதிகளைப் பற்றித் தங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்று முறையிட்டார்கள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தைத் தடைசெய்ய மறுத்தது. ஆனால் கருவிகளின் தரம் முதல் அவசரகால ஒத்திகை வரை 15 கட்டளைகளைப் பிறப்பித்தது. மக்களின் கேள்விக்கு உரிமம் வழங்கும் ஸ்தாபனம் மக்கள் மொழியிலேயே, ஊருக்கு வந்து, உரிய காலத்தில் விடை சொல்லியிருந்தால், அவர்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கவேண்டிய அவசியம் குறைந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் திடமான அபிப்பிராயம்.

2010இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழக ரசாயனப் பிரிவு ஒன்று ஏலத்தில் விற்ற பழைய காமாக் கருவி பிரிக்கப்பட, அதனுள் இருந்த கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைக் கவர்ந்தது. உலைகளையே நினைத்திருந்தோர்க்கு, கதிர்வீச்சு வீதிக்கு வரும் வழி அற்பமாகத் தோன்றும் மூலைகளிலும் உண்டு என்பதை அது உணர்த்தியது. 2012 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் தலைமை அதிகாரியின் அறிக்கை, நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-ரே கருவிகளில் 52,173 கருவிகள், அதாவது 91 சதவீதம், வாரியத்தின் பதிவுக்கே வராதவை என்று கூறியது. விதி மீறியவர்க்கு விதிக்கக்கூடிய அபராதம் 500 ரூபாய் அளவினதாக இருந்ததையும், வாரியத்துக்குச் சுயமாக விதி செய்யும் அதிகாரம் இல்லாததையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. மறு ஆண்டு பொதுக் கணக்குக் குழுவும் அதே குறைகளை வலியுறுத்தியது. பின்னர் வாரியம் கணினி வழியே விண்ணப்பமும் பதிவும் பெறும் ஏற்பாட்டைச் செய்து, பதிவில்லாக் குறையைப் பெருமளவு சரிசெய்ய முயன்றது.

கண்காணிக்கும் அமைப்பு கண்காணிக்கப்படும் துறைக்கே கட்டுப்பட்டிருக்கும் சிக்கலை அமெரிக்கா 1974இல் தீர்த்துக்கொண்டது: அணுசக்தியை வளர்ப்பதும் அதை அடக்குவதும் ஆகிய இரு தொழில்களையும் செய்துவந்த ஆணையத்தை இரண்டாகப் பிரித்து, ஒழுங்குமுறை ஆணையத்தைத் தனியே நிறுவிற்று, பின்னர் நிலையந்தோறும் நிரந்தரமாகத் தங்கிப் பார்வையிடும் அதிகாரிகளை அமர்த்திற்று. ஜப்பான் அவ்வாறு செய்யவில்லை; ஃபுகுஷிமா விபத்தை ஆராய்ந்த பாராளுமன்ற விசாரணைக் குழு, கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் கலந்துபோனதையே காரணங்களுள் முதன்மையாகக் கண்டது; 2012 செப்டம்பரில் அந்நாடும் தனி ஆணையம் அமைத்தது. உரிமத்தில் ஏற்படும் தாமதத்தைக் குறைக்கவும் நல்ல வழி உண்டு. வடிவமைப்பை ஒருமுறை முழுமையாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்டு, பின்னர் வரும் நிலையங்களுக்கு இடத்தைச் சார்ந்த விஷயங்களை மட்டும் ஆராயும் முறையை அமெரிக்கா 1989 முதல் கையாள்கின்றது. 2017இல் மத்திய மந்திரிசபை 700 மெகாவாட்டுக் கனநீர் உலைகள் பத்தை ஒரே வடிவில் கட்ட அனுமதித்திருக்கும் நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். படிகளைக் குறைப்பது ஆபத்து. ஒரே படியை வீணாகப் பலமுறை ஏறாதிருப்பது விவேகம்.

ஃபுகுஷிமாவுக்குப் பின் 2011 செப்டம்பர் 7 அன்று, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்தை ஏற்படுத்தும் மசோதா லோக்சபையில் கொண்டுவரப்பட்டது. 2014இல் சபை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. 2015 மார்ச்சில் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு வந்து வாரியத்தின் பணியை ஆராய்ந்து, அதன் தொழில்திறனைப் பாராட்டியது. அதன் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே பதிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ என்னும் சுருக்கப் பெயருடைய சட்டம், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் அணு விபத்துப் பொறுப்புச் சட்டத்தையும் நீக்கி, தனியார் கம்பெனிகளும் அணு உலை நடத்த வழி திறந்து, வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்டத் தகுதியையும் அளித்தது. 42 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற தகுதி அது, வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டத்தில் பெயர் ஏறுவது மட்டும் சுதந்திரம் ஆகாது. அணு உலைகளை வளர்க்கும் பொறுப்புடைய துறைக்குக் கட்டுப்படாத நியமனமும், அத்துறையின் கையை எதிர்பாராத பணமும், உரிமத்துக்கு ஆதாரமான பாதுகாப்பு அறிக்கைகளைத் தமிழ் உட்பட அவ்வவ்வூர் மொழியில் வெளியிடும் கடமையும், அச்சட்டத்தின்கீழ் எழுதப்படும் விதிகளில் இடம்பெற வேண்டும். 2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று அரசாங்கம் குறித்துள்ள இலக்குக்காகக் கம்பெனிகள் விண்ணப்பங்களோடு நியாமக் பவனின் வாயிலுக்கு வந்து சேருவதற்கு முன்பே, அவ்விதிகள் எழுதப்பட்டுவிட வேண்டும்.