மீண்டு வந்தோர் இடாப்பு

எபிரேய வேதத்தை வாசிப்போர் பெரும்பாலும் நில்லாது புரட்டிச் செல்லும் அதிகாரங்கள் சில உள. எஸ்றா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம் அவற்றுள் ஒன்று. அதிலே கதையுமில்லை, உபதேசமுமில்லை. இன்னாருடைய புத்திரர் இத்துணைப் பேர் எனப் பெயரும் தொகையுமாக எழுபது வசனங்கள் நீளுகின்றன. அவ்விடாப்பே சிற்சில வேறுபாடுகளுடன் நெகேமியா ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்திலும் மீண்டும் வருகின்றது. வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காகப் பண்டை மேற்காசிய வரலாற்றைக் கற்ற காலத்தில் யானும் அதனைப் புரட்டிச் சென்றவனே. கற்பிட்டிக் குடாநாட்டிலே படிப்பிக்கத் தொடங்கிய பின்னர்தான் அவ்வதிகாரத்தை நின்று வாசிக்க நேர்ந்தது. அதற்குக் காரணம் பின்னர்க் கூறப்படும்.

கி.மு. 586ஆம் ஆண்டளவிலே பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து, யூதா நாட்டு மக்களுட் பலரைச் சிறைப்படுத்திக் கொண்டு சென்றான் என்பது மாணவர் அறிந்ததே. கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டிலே, சிறைப்பட்டோர் தம் நாடு சென்று கோயிலை மீளக் கட்டலாம் என அவன் ஆணை பிறப்பித்ததாக எஸ்றா ஆகமம் கூறும். அவ்வாணையின் வழி ஊர் திரும்பியோரின் பெயரேடே மேற்குறித்த அதிகாரம். செருபாபேல், யெசுவா முதலிய தலைவர்களின் பெயர்களுடன் அது தொடங்குகின்றது. முடிவிலே மக்கள் 42,360 பேர், அடிமைகள் 7,337 பேர், கழுதைகள் 6,720 என மொத்தக் கணக்கும் தரப்படுகின்றது. கழுதைகளையும் எண்ணி எழுதியவன் நல்ல எழுதுவினைஞனாகவே இருந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் அவனது கணக்குப் பொருந்தவில்லை. தனித்தனியே தரப்பட்ட தொகைகளைக் கூட்டினால் எஸ்றாவிலே 29,818 பேரே வருகின்றனர். நெகேமியாவிலே 31,089 பேர். இரு நூல்களும் கூறும் மொத்தமோ 42,360தான். ஆராகின் புத்திரர் ஒரு நூலிலே 775 பேர், மற்றதிலே 652 பேர். அஸ்காதின் புத்திரர் ஒன்றிலே 1,222, மற்றதிலே 2,322. ஏடு பெயர்த்தெழுதியோரின் கைப்பிழை என்பர் சிலர். விடுபட்டோர் பெண்டிர் என்றும் பிற கோத்திரத்தார் என்றும் கருதுவர் வேறு சிலர். ஒரே முறை வந்தோரின் பட்டியலாக இது இருத்தலரிது, பல காலங்களிற் பல கூட்டமாக வந்தோரின் பெயர்கள் பின்னர் ஒருங்கு சேர்க்கப்பட்டன என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. வாக்காளர் இடாப்பையோ நிவாரணப் பட்டியலையோ ஒருமுறையேனும் தயாரித்த ஆசிரியருக்கு இத்தகைய பிழைகள் வியப்பளிக்கமாட்டா.

இடாப்பின் அமைப்பிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு சாரார் முன்னோர் பெயராற் குறிக்கப்படுகின்றனர்: பாரோசின் புத்திரர் 2,172 பேர் என்பது போல. மற்றொரு சாரார் ஊர்ப் பெயராற் குறிக்கப்படுகின்றனர்: பெத்லகேமூரார் 123 பேர், ஆனதோத்தூரார் 128 பேர், எரிகோவூரார் 345 பேர். அரை நூற்றாண்டாகக் கண்ணாற் காணாத ஊரின் பெயரையே பிந்திய தலைமுறையினர் தம் அடையாளமாகக் கொண்டிருந்தனர். அவருட் பெரும்பாலோர் பாபிலோனிலே பிறந்தவர் என்பதை மறத்தலாகாது.

இனி, அவ்வதிகாரத்தின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். தெல்மெலாக், தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்த தெலாயா, தொபியா, நெகோதா என்போரின் வமிசத்தார் 652 பேர், தம் தந்தையர் வமிசத்தையும் தாம் இஸ்ரவேலரே என்பதையும் காட்ட இயலாதவராயினர். தெல்மெலாக் என்பதற்கு உப்பு மேடு என்பது பொருள். உப்பளங்களின் நடுவே வாழும் எமக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை! ஆசாரியருள்ளும் அபாயா, கோசு, பர்சிலாய் என்னும் மூன்று குடும்பத்தார் தம் வமிச அட்டவணையைத் தேடியும் காணாதொழிந்தனர். அவர்கள் ஆசாரியத் தொழிலுக்குப் புறம்பாக்கப்பட்டனர். ஊரீம், தும்மீம் என்னும் திருவுளச் சீட்டுகளைக் கொண்டு தீர்ப்புரைக்கவல்ல ஆசாரியன் ஒருவன் எழும்பும்வரை தூய உணவை உண்ணலாகாது என ஆளுநன் கட்டளையிட்டான்.

பர்சிலாய் குடும்பத்தின் செய்தி இரங்கத்தக்கது. தன் மகன் அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது மன்னன் யோர்தானைக் கடந்து ஓடிய காலத்தில், அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் படுக்கையும் தானியமும் தேனும் கொண்டுவந்து உதவியவன் எண்பது வயதினனான கிலேயாத்துப் பர்சிலாய். அவன் வழிப் பெண்ணொருத்தியை மணந்த ஆசாரியன் ஒருவன் பெண் வீட்டார் பெயரையே தன் பெயராகக் கொண்டான். அதனாற்போலும் அவன் வழியினரின் பெயர் ஆசாரியர் அட்டவணையிலே அகப்படவில்லை. இடம் பெயர்ந்தோடிய ஒருவனுக்குச் சோறிட்ட வீட்டின் பெயர், இடம் பெயர்ந்தோரின் இடாப்பிலே தடையாக வந்து நின்றது.

கோசு குடும்பத்தின் கதை அவ்வாறு முடிந்திலது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், கி.மு. 445 அளவில், நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டியபோது கோசின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் மதிலின் இரு பகுதிகளைக் கட்டினான். எஸ்றா கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் கோயிலிலே நிறுத்துப் பெற்றுக்கொண்டவனும் உரியாவின் மகன் மெரெமோத் என்னும் ஆசாரியனே. இருவரும் ஒருவராயின் அக்குடும்பம் இடையிலே எவ்வாறோ தன் உரிமையை மீட்டுக்கொண்டது எனலாம். எந்தச் சான்றைக் காட்டி மீட்டது என்று நூல் கூறவில்லை.

இவ்விடாப்பு எதற்காக எழுதப்பட்டது? கோயில் கட்டுவோர் யார் எனப் பாரசீக அதிகாரி வினவியபோது விடையாக எழுதப்பட்டது என்பர் ஒரு சாரார். காணியுரிமையை நிலைநாட்டுதற்கு எழுதப்பட்டது என்பர் பிறிதொரு சாரார். நெகேமியா இதனைத் தேடியெடுத்த சந்தர்ப்பம் தெளிவாகவே உளது. நகரம் விசாலமாயிருந்தது, மக்கள் சிலராயிருந்தனர், வீடுகள் கட்டப்படவில்லை. யாரைக் குடியேற்றுவது என்ற வினா எழுந்தவுடன் பழைய ஏடு வேண்டியதாயிற்று. நோக்கம் எதுவாயினும், சான்று காட்ட இயலாத 652 பேரை எழுதுவினைஞன் வெளியே தள்ளிவிடவில்லை. காட்ட இயலாதவர் என்ற குறிப்புடன் ஏட்டினுள்ளேயே எழுதி வைத்தான். அதனாலன்றோ இன்றும் அவரை யாம் அறிகின்றோம்.

எல்லோரும் திரும்பினரல்லர் என்பதும் கருதத்தக்கது. பாபிலோனிய நாட்டுப்புறத்திலே வாழ்ந்த யூதரின் கடன், குத்தகை முதலியவற்றைக் கூறும் களிமண் ஏடுகள் பல 2014ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தன. அவை கி.மு. 572 முதல் 477 வரையான காலத்தன. அவ்வேடுகளிலே குறிக்கப்படும் ஊர்களுள் ஒன்றின் பெயர் யூதா ஊர். அந்நிய மண்ணிலே குடியேறியோரின் புதிய ஊர், இழந்த நாட்டின் பெயரைத் தாங்கிற்று. கோரேசின் ஆணைக்குப் பின்னும் தலைமுறைகளாக மக்கள் அங்கே வாழ்ந்து வந்தனர்.

புத்தளக் கரையிலே வாழ்வோருக்கு இதற்கு உரைகாரர் வேண்டியதில்லை. நாகவில்லுக்குச் சென்றால் எருக்கலம்பிட்டி என்னும் பெயரைத் தாங்கிய பாடசாலையைக் காணலாம். எருக்கலம்பிட்டியோ மன்னார்த் தீவிலே உளது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பிற்பகுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமெனத் தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு மக்களுக்கு 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் வள்ளங்களிலே கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் தொகை. அக்கட்டளை தமிழரின் பெயரால் இடப்பட்டது. தமிழ் மாணவர் கற்கும் கல்லூரியொன்றின் மலரிலே இதனை எழுதுங்கால் அவ்வுண்மையை மெல்லக் கூறிக் கடந்து போதல் வரலாறு படித்தவனுக்கு அழகன்று.

அப்போது யான் சிறுவன். எங்கள் பாடசாலை பல நாள் திறக்கப்படவில்லை. வகுப்பறைகளிலே மக்கள் படுத்திருந்தனர். புத்தளத்து முஸ்லிம்கள் தம் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்து விட்டனர். தெங்கந்தோட்டங்களிலே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடா, தில்லையடி முதலிய இடங்களிலே ஊர் ஊராக, ஜமாஅத் ஜமாஅத்தாகவே மக்கள் குடியமர்ந்தனர். முசலியார், விடத்தல்தீவார், தண்ணீரூற்றார் என்ற வழக்கு முகாம்களிலும் மாறவில்லை. காலஞ்செல்ல, கிணற்று நீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி மூண்டு, வரவேற்றோர் மனமும் ஓரளவு கசந்தது உண்மையே. பர்சிலாயின் தேன் எத்தனை ஆண்டுக்குப் போதும்?

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. ஊர் திரும்பலாம் என்றாயிற்று. அப்பொழுதுதான் இடாப்பின் தொல்லை தொடங்கிற்று. அகதிகள் புதியோர், பழையோர் என இரு வகையாக்கப்பட்டனர்; 2008ஆம் ஆண்டுக்குப் பின் இடம்பெயர்ந்தோருக்கே உதவியில் முதலிடம் அளிக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டு அகதி வாழ்வு பழைமை என்ற ஒரு சொல்லிலே பின்தள்ளப்பட்டது. 1990இல் ஒரு குடும்பமாக வந்தது நான்கு ஐந்து குடும்பங்களாகப் பெருகியிருந்தது. விட்டு வந்த வளவோ ஒன்றே. அவ்வளவுக்கும் உறுதி எங்கே? அவசரத்திலே விட்டு வந்தோர் பலர். வடக்கிலே போரில் அழிந்த பதிவேடுகளும் பல. புத்தளத்திலே பதிந்தால் வடக்கிலே உரிமை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம், வடக்கிலே பதிந்தால் இங்கே பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்குமோ என்ற அச்சம் மறுபுறம். இடம்பெயர்ந்தோர் தம் முன்னைய வதிவிடத்திலே வாக்காளராகப் பதிவதற்கு 2013ஆம் ஆண்டிலே விசேட சட்டமொன்று இயற்றப்பட்டது. 1983 மே முதல் 2009 மே வரை தம் காணியை அணுக இயலாதோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிட்டுப் பிறர் ஆட்சியுரிமை கோரலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. இரண்டும் வேண்டிய சட்டங்களே. ஆயின் சட்டத்தின் வாயிலில் நிற்பவனிடம் முதலிற் கேட்கப்படுவது, நீ அங்கே இருந்தாய் என்பதற்குச் சான்று யாது என்பதே.

புது வருடத்து முதற் கிழமையில் வகுப்பு விபரம் எழுதும்போது இவ்வினா எனது மேசைக்கும் வருகின்றது. நிரந்தர முகவரி என்ற கட்டத்திலே, புத்தளத்திற் பிறந்து மன்னாரைக் கண்டறியாத பிள்ளை மறிச்சுக்கட்டி என எழுதுகின்றது. பக்கத்துப் பிள்ளை எழுதாது பேனையைக் கடித்துக்கொண்டிருக்கின்றது. "வாப்பாட்டக் கேட்டு வாறன் சேர்" என்கின்றது. எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசிக்கச் செய்தது அப்பிள்ளையே.

இதனை இம்மலரில் எழுத முனைந்ததற்கு ஒரு காரணமுண்டு. ஒல்லாந்தர் வரியும் ஊழியமும் வாங்குதற்கே தலைத்தோம்பும் நிலத்தோம்பும் எழுதுவித்தனர். பின்னாளிலே முன்னோரையும் முதுசத்தையும் தேடியோருக்கு அவையே துணையாயின. எழுதியவன் எண்ணாத பயன் ஏட்டுக்கு உண்டு. 1990ஆம் ஆண்டுக்கு முன் வடக்கிலே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து படித்த பாடசாலைகள் பல. அவற்றின் சேர்விடாப்புகளிலே பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர், வதிவிடம் ஆகியன தலைமையாசிரியரின் கையெழுத்துடன் உள. உறுதியை இழந்தவனுக்கு அவ்வொரு வரி எத்துணை பெறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்விடாப்புகளுட் சில எறிகணைக்கும் மழைக்கும் தப்பி, காரியாலயத்து இரும்பு அலுமாரிகளிலே கிடக்கின்றன. ஆசிரியராகவும் அதிபராகவும் இருக்கும் பழைய மாணவர்கள் அவ்வலுமாரிகளைத் திறந்து பார்ப்பார்களாக. கறையான் தொட்டவற்றை முதலிற் படியெடுத்தல் நன்று. பெயர் வாசிக்க இயலாது மங்கிய வரிகளையும் விடாது, இன்ன இலக்கத்திலே ஒரு பிள்ளை சேர்ந்துள்ளது, பெயர் தெரியவில்லை என்ற குறிப்புடன் எழுதிவைக்க வேண்டும்.