ஓ.பி.: விலையேற்றத்தை எதிர்த்த இரண்டெழுத்து

விலையை ஏற்றுவதற்கு ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ரெய்ஸ், ஹைக், மார்க் அப், ஜாக் அப், சர்ஜ் என்று பேச்சிலும் செய்தியிலும் நாளெல்லாம் புழங்குபவை ஏராளம். ஏறிய விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட சொல் அபூர்வம். அப்படி ஒன்று 1809இல் லண்டனில் பிறந்து மூன்று மாதம் ஊரையே ஆட்டிவைத்தது. ஓ.பி. என்ற இரண்டே எழுத்து. ‘ஓல்ட் பிரைஸ்’, அதாவது பழைய விலை, என்பதன் சுருக்கம்.

அது பிறந்த இடம் கோவென்ட் கார்டன் நாடக அரங்கு. 1808 செப்டம்பர் 20 அன்று பழைய கட்டடம் எரிந்துபோனது. தீயணைக்க உள்ளே போனவர்கள் பலர் மாண்டார்கள். இசைமேதை ஹேண்டலின் ஆர்கனும் சாம்பலானது. நடிகரும் மேலாளருமான ஜான் ஃபிலிப் கெம்பிள், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மர்க்கைக் கொண்டு ஓராண்டுக்குள் புதிய அரங்கை எழுப்பிவிட்டார். அந்தச் செலவை ரசிகர்கள் தலையில் வைத்தார். பாக்ஸ் இருக்கை ஆறு ஷில்லிங்கிலிருந்து ஏழானது. பிட் எனப்பட்ட கீழ்த்தளம் மூன்றரையிலிருந்து நான்கானது. மேலே இருந்த கேலரிக்குக் கட்டணம் ஏறவில்லை.

அரை ஷில்லிங்குக்கா இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். இரண்டு காரணங்கள் இருந்தன. லண்டனில் வசன நாடகம் போட அரச உரிமை பெற்ற பெரிய அரங்குகள் இரண்டே. மற்றொன்றான ட்ரூரி லேன் 1809 பிப்ரவரியில் எரிந்துவிட்டிருந்தது. பிடிக்காவிட்டால் வேறு அரங்குக்குப் போகலாம் என்று சொல்ல வழியே இல்லை. இரண்டாவது காரணம்தான் நெஞ்சைச் சுட்டது. முன்பு எல்லோருக்கும் திறந்திருந்த மூன்றாம் அடுக்கை முழுக்கத் தனி பாக்ஸ்களாகத் தடுத்து, பணக்காரர்களுக்கு ஆண்டு வாடகைக்கு விட்டார்கள். அதற்கும் மேலே எளியவர்களுக்கு ஒதுக்கிய இடம் செங்குத்தாக இருந்ததால் நடிகர்களின் கால்கள்தான் தெரிந்தன. மக்கள் அதைப் புறாக்கூண்டு என்றே அழைத்தார்கள். ஊரார் தம்முடையது என்று நினைத்திருந்த பொது இடத்தில் சுவர் எழும்பியிருந்தது. ஓ.பி. என்ற எழுத்துகள் சுமந்த கோபத்தில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 18, திறப்பு நாள். நாடகம் ‘மக்பெத்’. கெம்பிளும் அவருடைய அக்கா சாரா சிடன்ஸும் நடித்தார்கள். ஒரு வரிகூட யார் காதிலும் விழவில்லை. கூச்சல், சீழ்க்கை, முனகல். நீதிபதிகள் மேடையேறிக் கலகச் சட்டத்தை வாசித்துப் பார்த்தார்கள், கூட்டம் அசையவில்லை. பார்வையாளர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று அரச வாழ்த்துப் பாடினார்கள். நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாடுகிறவனை எந்தக் குற்றத்துக்காகப் பிடிப்பது?

அடுத்து வந்த இரவுகளில் ஓ.பி. ஊர்வலம் புறப்பட்டது. முதலில் அட்டையிலும் துணியிலும் எழுதிப் பிடித்தார்கள். பிறகு அது தொப்பியில் ஏறியது. மார்பில் பதக்கமாகத் தொங்கியது. விசிறியிலும் கைக்குட்டையிலும் வந்தது. அதற்கென்று நடனமே உண்டாயிற்று. ‘ஓ! பி!’ என்று கத்தியபடி காலாலும் தடியாலும் தரையை ஒரே தாளத்தில் இடிப்பார்கள். கிலுகிலுப்பை, மணி, கொம்பு எல்லாம் துணைக்கு வந்தன. மூன்றாம் அங்கம் முடிந்தபின் பாதிக் கட்டணத்தில் உள்ளே விடும் வழக்கம் இருந்ததால், பலர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

கெம்பிள் சளைக்கவில்லை. பெரிய மனிதர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, கணக்கைப் பார்க்கச் சொல்லி, லாபம் குறைவுதான் என்று அறிக்கை வாங்கினார். யாரும் நம்பவில்லை. பிறகு குத்துச்சண்டை வீரர்களை இறக்கினார். அவர்களில் பெயர்பெற்ற டேனியல் மென்டோசா யூதர். அதைச் சாக்கிட்டுக் கூட்டம் யூதர்களை இழித்துப் பேசியது. ஓ.பி.யின் வரலாற்றில் அழியாத கறை அது.

அடிதடியால் முடியாததை ஒரு வழக்கு முடித்தது. ஹென்றி கிளிஃபர்ட் என்ற வழக்கறிஞர் தொப்பியில் ஓ.பி. எழுத்துகளோடு வந்தார். அரங்கின் ஊழியர் பிராண்டன் அவரைப் பிடித்துக் கொடுத்தார். குற்றம் எதுவும் இல்லையென்று விடுவிக்கப்பட்ட கிளிஃபர்ட், தன்னைத் தவறாகப் பிடித்ததற்காக பிராண்டன் மேல் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ஜேம்ஸ் மான்ஸ்ஃபீல்ட் ரசிகர்களின் கலவரத்தைக் கண்டித்துத்தான் பேசினார். ஜூரிகளோ கிளிஃபர்ட் பக்கம் நின்று ஐந்து பவுண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். தொகை சின்னது. ஆனால் அந்த எழுத்துகளை அணிந்தவனை இனிப் பிடித்துப்போக முடியாது என்று ஊர் புரிந்துகொண்டது.

டிசம்பர் 14 அன்று கிரவுன் அண்ட் ஆங்கர் விடுதியில் ஓ.பி.காரர்கள் கூடிய விருந்துக்குக் கெம்பிளே வந்தார். கீழ்த்தளம் மீண்டும் மூன்றரை ஷில்லிங்; தனி பாக்ஸ்களின் எண்ணிக்கையைக் குறைப்பது; வழக்குகளைக் கைவிடுவது; பிராண்டனை நீக்குவது என்று உடன்பாடு ஆயிற்று. பாக்ஸ் ஏழு ஷில்லிங்கிலேயே நின்றது. கெம்பிள் மேடையில் மன்னிப்புக் கேட்டபின், ‘எங்களுக்குத் திருப்தி’ என்ற அட்டை கூட்டத்தில் உயர்ந்தது. அதற்குள் 67 இரவுகள் கழிந்திருந்தன.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அரங்கு திறந்தபோது, குறைப்பதாகச் சொன்ன தனி பாக்ஸ்கள் குறைந்திருக்கவில்லை. ஓ.பி. முழக்கம் மறுபடி எழுந்தது. இம்முறை நிர்வாகம் சில நாட்களிலேயே பணிந்தது.